காசியம்மாளை எந்த வீட்டில் எழுதுவது

3.3.1997
செங்கம் சாலை ஊரில் வருமானக் கணக்கெடுப்பு தொடங்கியது. 1992-இல் நான் எடுத்த அதே ஊர். அன்று ஐம்பத்திரண்டு வீடு, இன்று அறுபது. புதிதாக யாரும் குடிவரவில்லை. அண்ணன் தம்பிகள் பிரிந்திருக்கிறார்கள். ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம், இதுதான் எங்கள் விதி.

வருமானம் என்று நேராகக் கேட்டால் கையை விரிக்கிறார்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எத்தனை மூட்டை, கூலிக்குப் போனது எத்தனை நாள் என்று சுற்றி வளைத்துத்தான் வாங்க வேண்டும். கடன் கிடைக்கும் என்று நினைப்பவர் குறைத்துச் சொல்வார். வீட்டில் கல்யாணப் பெண் இருந்தால் கூட்டிச் சொல்வார். நான் இரண்டையும் நம்புவதில்லை.

6.3.1997
மேற்பார்வையாளர் கலீல் ரஹ்மான் சார் இன்று புதியவர்களுக்குப் பாடம் எடுத்தார். "சராசரி போட்டா ஒரே ஒரு ரைஸ்மில்காரன் ஊரையே பணக்காரனா காட்டிடுவான். கம்மியிலேர்ந்து ஜாஸ்தி வரைக்கும் வரிசையா நிக்க வைங்க. நடுவுல நிக்கிற வூட்டைப் பாருங்க." இதை நான் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். அவருக்கு அலுக்கவே இல்லை.

11.3.1997
ஓர் ஆள் குறைகிறது.

பழைய பட்டியலில் காசியம்மாள், விதவை, இரண்டு மகன்களோடு ஒரே அடுப்பு. இப்போது அடுப்பு இரண்டு. இரண்டிலும் அவர் பெயர் இல்லை. இறந்துவிட்டாரோ?

மூத்தவர் அப்பாசாமியைக் கேட்டேன். "எங்க மாசம் முச்சூடும் சோறு போட்டாச்சுங்க" என்று அவர் மனைவி முந்திக்கொண்டாள். "பிப்ரவரியோட எங்க முறை முடிஞ்சிது. மார்ச் தம்பி முறைங்க" என்றார் அவர். அடுத்த வாசலில் தம்பி கருப்பன்: "பங்குனி பொறந்தாதாங்க எங்க முறை. இன்னும் மூணு நாளு கெடக்குது."

அண்ணன் இங்கிலீஷ் மாசம் பார்க்கிறார். தம்பி தமிழ் மாசம். நடுவில் இரண்டு வாரம் தாய்க்கு எந்த வீடும் இல்லை.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காசியம்மாள் மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். "அவங்க கணக்குப்படி பார்த்தா ஏப்ரல்ல எனக்கு ரெண்டு வூட்லயும் சோறு இருக்கணும்மா. அது மட்டும் நடக்கறதில்ல" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெத்தவளுக்குச் சோறு போட காலண்டரா பாப்பாங்க? ச்சே.

13.3.1997
சாரிடம் சொன்னேன். "பசங்கள்ல ஒருத்தர் வூட்ல சேர்த்துடுங்க" என்றார். யார் வீட்டில் என்று கேட்டேன். பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். "அந்தம்மாவுக்கு அடுப்பு இருக்கா?"

"மூணு கல்லு இருக்கு சார்."

"அப்போ வூடுதான். எழுதுங்க."

அறுபத்தொன்று. கடைசி வரிசையில் ஒரு வீடு கூடியதால் நடு வீடு ஒரு படி கீழே இறங்கியது. ஊரின் இடைநிலை வருமானம் நூற்றைம்பது ரூபாய் குறைந்தது. அறிக்கையைப் படிப்பவர்கள் மல்லாட்டை விலை சரிந்ததாக நினைப்பார்கள்.

24.3.1997
பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் ஏறவே முடியவில்லை. ஊருக்குப் போகவில்லை.

7.4.1997
இது என் வேலை இல்லை. ஆனாலும் காசியம்மாளை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு அழைத்துப்போனேன், முதியோர் பென்ஷன் மனுவுக்கு. பிள்ளைகள் கவனிப்பதில்லை என்று எழுதப்போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைங்க சோறு போடலன்னு எழுதாதம்மா. தனியா ஆக்கித் திங்கறேன்னு எழுது. அது பொய் இல்ல."

அப்படியே எழுதினேன். கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

19.11.1997
கிடைத்துவிட்டதாம்.

18.9.2002
மறுபடி அதே ஊர். எழுபத்து நாலு வீடு. மழை இல்லை, மல்லாட்டை செடியிலேயே காய்ந்துவிட்டது. ஐந்து வருடத்தில் வருமானம் ரூபாயில் ஏறியிருக்கிறது. விலைவாசியைக் கழித்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அப்பாசாமி: "அம்மா எங்ககூடத்தாங்க. எழுதிக்குங்க."

கருப்பன்: "அம்மாவா? எப்பவும் எங்க வூடுதாங்க."

ஐந்து வருடம் முன்பு எங்கும் இல்லாதவர் இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறார். இரண்டையும் பென்சிலில் குறித்துக்கொண்டு நேரில் பார்க்கப் போனேன்.

பஸ் நிற்கும் இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு இட்லி விற்கிறார். பென்ஷன் பணத்தில் வாங்கிய இட்லிக் குண்டானாம். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கருப்பன் வந்து, என்னைப் பார்த்துத் தயங்கி, ஓரமாக உட்கார்ந்தார். அவருக்கு நாலு இட்லி வைத்தார்.

"கூலி வேலை இல்லம்மா. நேத்து பெரியவன், இன்னிக்கி இவன் முறை" என்றார் காசியம்மாள் என்னிடம்.

"மாசக் கணக்கு வைக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கருப்பன் தலையைத் தூக்கவில்லை.

"மாசக் கணக்குன்னா நடுவுல எவனாவது பட்டினி கெடப்பான்" என்றார் காசியம்மாள், இன்னும் ஒரு இட்லியை அவர் தட்டில் வைத்துக்கொண்டே.