சத்தம் நிறுத்திய செல்போன்

1999 நவம்பர் 16, செவ்வாய். ஸ்காபரோ, கனடா.

குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அண்ணா மூன்று வாரமாகப் பாங்கொக்கில், இங்கே களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் அறையில் இருக்கிறான். விமானம் ஏற்றும் நாளில் ஒரு தடவை பேச விடுவார்களாம். அதற்காகத்தான் அப்பா செல்போன் வாங்கினார். நேற்று என்னிடம் தந்தார்.

"தம்பி எடுத்தால் ஃபாக்டரி இரைச்சலிலயும் கேக்கிற மாதிரி ஒரு சத்தம் பாத்து வை, பிள்ளை."

ஒவ்வொன்றாக அடிக்கவிட்டுப் பார்த்தேன்.

"உந்தச் சத்தத்தை நிப்பாட்டு, தலை இடிக்குது" என்றார் அம்மா.

சத்தத்தை நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துவிட்டேன்.

இன்று வேலையால் வந்த அப்பா போனை என்னிடம் நீட்டினார்.

"ஒருக்காலும் அடிக்கேல்லை. ஏதோ இங்கிலீசில போட்டிருக்கு, என்னெண்டு பார்."

நான்கு அழைப்புகள் தவறிவிட்டன என்று இருந்தது.

"ஒண்டுமில்லை அப்பா" என்று சொல்லி அதை அழித்தேன்.

எல்லாரும் படுத்த பிறகு, ஆக உரத்த சத்தத்தை வைத்தேன். சரியாக அடிக்கிறதா என்று வீட்டுப் போனிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முதல் மணியிலேயே அப்பா இருட்டில் ஓடிவந்தார்.

"தம்பியோ?"

பிழையான நம்பர் என்றேன்.

அப்பா திரும்பப் போய்ப் படுக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் சோபாவில்தான் இருக்கிறார். கதவுக்கு வெளியே அவர் இருமுவது கேட்கிறது.