மிர்லானின் மூன்று கொள்கைகள்

பிப்ரவரி 9
எசப்பாட்டு விழாக்காரர் போன் செய்தார். நூருஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு நாரின் நகரில் மேடை. எனக்கு எதிர்ப்பாட்டு ஜொல்சுபெக்.

"புருல், போன தடவை மாதிரி நின்னுடாதம்மா. இதுக்கு மேல உனக்காக நான் பேச முடியாது."

போன தடவை, எதிராளி பாடிக் கேட்டதற்குப் பதிலாக ஒரு வரி வரவில்லை. கோமுஸ் கம்பியை மீட்டிக்கொண்டே நின்றேன். கூட்டம் இருமியது.

மிர்லானிடம் சொன்னால் அவர் கண் மின்னுகிறது. புது எண்ணம் எப்படித் தோன்றுகிறது என்பதுதான் என் கணவரின் முனைவர் பட்ட ஆய்வு. 'எல்லாம் புத்தகத்திலிருந்தே எடுத்ததா இருக்கு, உயிருள்ள ஆளைக் காட்டுங்க' என்று ஆய்வுக் குழு திருப்பி அனுப்பியிருக்கிறது. இப்போது வீட்டிலேயே ஒருத்தி அகப்பட்டுவிட்டாள்.

பிப்ரவரி 12
முதல் கொள்கை: ஒட்டாத இரண்டை ஒட்டினால் புதியது பிறக்கும். சீட்டு எடுக்கச் சொன்னார். ஒட்டகம், பல் வைத்தியர்.

ஒட்டகத்துக்குப் பல் வலி, வைத்தியர் ஏணி தேடினார் என்று பாடினேன்.

"பரவால்லையே," என்றார்.

"ஜொல்சுபெக் ஒட்டகத்தப் பத்திக் கேப்பாரா?"

அடுத்த சீட்டை நீட்டினார்.

பிப்ரவரி 27
இரண்டாம் கொள்கை, போன வாரத்திலிருந்து: விட்டுவிட வேண்டும். வேறு வேலை செய்தால் மனத்தின் அடியில் எண்ணம் தானாக வேகும்.

"பாத்திரம் கழுவலாம்," என்றார்.

"அது நான் தினமும் செய்யறதுதானே. நீங்க கழுவுங்க, நான் பாக்கறேன். அதுதான் எனக்குப் புதுசு."

ஒரு வாரமாகக் கழுவுகிறார். எனக்கு ஒன்றும் வேகவில்லை. சொல்லவில்லை.

மார்ச் 4
மூன்றாம் கொள்கை: கணக்கில்லாமல் உளறு, அப்புறம் பொறுக்கு. அவர் காதுகளைப் பற்றியே உளறினேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வேற விஷயம் எடுக்கலாமா?"

"வேற எதுவும் கண்ணுல படலையே."

மார்ச் 19
பயமா இருக்கு.

மார்ச் 22
ஜொல்சுபெக் எடுத்த எடுப்பிலேயே—

"புருலு தங்கச்சி, உம் புருஷன் படிச்சவரு,
பாட்டு வர்ற வழிக்கெல்லாம் படம் வரஞ்சு முடிச்சவரு!
இன்னிக்கு வர்றது உம் பாட்டா, அவரு பாடமா?
வாத்தியாரு இல்லாம உன் வாயி ஆடுமா?"

மிர்லான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், வேறென்ன. கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்கு — வெறுமை. மூன்று கொள்கையும் வந்து போயின. வரி வரவில்லை. முன்வரிசையைப் பார்த்தேன். கட்டின புருஷன், நான் முழிக்கிறேன், அவர் கடிகாரம் பார்த்துக் குறிப்பெழுதுகிறார்! கோபத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எண்ணம் பிறக்கும் வழியத்தான் ஏட்டுல எழுதி வச்சாரு,
எம் பொண்டாட்டி முழிக்கிறான்னு நேரமும் குறிச்சு வச்சாரு!
குட்டி போடும் போடும்னு லாயத்துல காத்திருக்காரு —
அண்ணே, அது ஆண்குதிரைன்னு அவருகிட்ட யாரு சொல்வாரு?"

ஜொல்சுபெக்கே கோமுஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் வரிகளை நிறுத்த முடியவில்லை. எல்லாம் மிர்லான்மேல்தான். ஜெயித்தேன்.

திரும்பி வரும்போது காரில் அவரிடம் கேட்டேன்.

"சும்மா பாட்டுதானே?"

"ம்."

மார்ச் 26
இன்னும் 'ம்'தான். இன்று பஸ் டிரைவர் அவரிடம், "குதிரைக்காரர் நீங்கதானா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தார்.

என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்? ஆய்வுக் குழுவும் சிரிச்சா? இத்தனை வருஷப் படிப்பு — என் ஒரு வாயால போயிடுமா? மன்னிப்புக் கேட்டேன். "கோபம் இல்ல, யோசிக்கறேன்," என்றார், சுவரைப் பார்த்து.

மே 15
ஆய்வுக் குழு முன் மிர்லான். நான் கடைசி வரிசையில்.

குழுவின் தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கொள்கை உங்க வீட்டுலயே பலிக்கலையாமே. அப்ப அந்தக் குதிரை வரி எங்கிருந்து வந்துச்சு?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. மிர்லான் தாள்களைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். பிறந்ததிலிருந்து பாடாத மனிதர், சுருதியே இல்லாமல் —

"மூணு கொள்கை ஊட்டிப் பாத்தேன், முணுமுணுப்புதான் வந்துச்சு,
மூக்குமேல கோவம் வந்ததும் மொத்தப் பாட்டும் வந்துச்சு!
ஆராய்ச்சி முன்னேற, அம்மா, வழி ஒண்ணே ஒண்ணு —
ஆயுசு பூரா அவகிட்டத் திட்டு வாங்கணும் நின்னு."

தலைவியம்மா சிரித்துக்கொண்டே ஆய்வேட்டில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்.

மிர்லான் உட்காருவதற்குள் எனக்குப் பதில் வரி வந்துவிட்டது. சபையாச்சே என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வரட்டும்.