மாமியார் கல்லறையும் மன்னர் மேடும்

கவாசாகி
செப்டம்பர் 3

இசாவோ அவர்களுக்கு,

வெயில் இன்னும் தணியவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பருவ விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். போனை எடுக்காத மனிதருக்குக் கடிதம்தானே கதி.

முன்னோருக்கான ஹிகான் நாள் வருகிறது. ஊரே குடும்பக் கல்லறைக்குப் போகும். உங்கள் அம்மாவின் கல்லை இந்தத் தடவையும் நான் ஒருத்திதான் கழுவ வேண்டுமா? ஓய்வு பெற்ற கையோடு நாராப் பக்கம் போய் அறை எடுத்துத் தங்கி, ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன் செத்த எவனோ ஒரு ராஜாவின் புதைமேட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பெற்றவள் கல்லறையை எட்டிப் பார்க்க நேரமில்லை.

உயிரோடு இருந்தவரை என் மிசோ சூப்பைக் குறை சொன்னவர் அவர். நாளைக்கு அவர் பக்கத்திலேயே என்னையும் வைப்பார்கள் என்று நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் ஒரு நாள் வந்து கூட நின்றால் அதையும் பொறுத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் எனக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வேன், சொல்லிவிட்டேன்.

தொமிகோ

சகுராய்
செப்டம்பர் 9

தொமிகோவுக்கு,

கோபப்படாதே. ஹிகான் அன்றைக்கு மட்டும்தான் மேட்டின் உள்ளறைக்குள் ஆட்களை விடுகிறோம். வழிகாட்ட நான் இருந்தாக வேண்டும். நீயே இங்கே வாயேன். உள்ளே இரண்டு கற்பேழைகள். ராஜாவை வைத்து அடைத்த வாசலை, பல வருடம் கழித்து அவர் மனைவிக்காக மறுபடி திறந்திருக்கிறார்கள் என்பது மேட்டைப் பராமரிக்கும் எங்கள் குழுவின் ஊகம். அதை உனக்குக் காட்ட வேண்டுமென்று ரொம்ப நாளாக ஆசை. அம்மா எங்கே போய்விடப் போகிறார்?

இசாவோ

கவாசாகி
செப்டம்பர் 25

இசாவோ அவர்களுக்கு,

பருவ விசாரிப்பெல்லாம் கிடையாது.

நீங்கள் கூப்பிட்டீர்களே என்று ஹிகான் அன்று விடியுமுன் எழுந்து, படையலுக்குச் செய்யும் ஒஹாகி இனிப்பு உருண்டை பிடித்து, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் புல்வெட்டிக் கூட்டம் மொத்தமும் நின்றது. என்னைக் காட்டி என்ன சொன்னீர்கள்? “இவங்க கவாசாகிலேருந்து மேட்டைப் பார்க்க வந்திருக்காங்க.” அவ்வளவுதான். ஒஹாகியை வாங்கி ஊருக்கே நீட்டினீர்கள். யாரோ மகராசி என்று ஒருவர் வாய் நிறைய மென்றபடி என்னைக் கும்பிட்டார். எனக்கும் ஒரு தலைக்கவசத்தை மாட்டி வரிசைக் கடைசியில் நிறுத்தினீர்கள்.

பேழைகளை விளக்கும்போது உங்களுக்குக் குரல் தழுதழுத்தது. என்றைக்கோ செத்த ராணிக்காக! பக்கத்தில் நிற்பவள் யாரென்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அங்கேயே அழுதேன். இருட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

நேற்று ஒரு மலைக்கோயிலில் மரத்தடி ஒன்றை வாங்கிவிட்டேன். என் சாம்பல் அங்கே போகும். உங்கள் அம்மா பக்கத்தில் நீங்களே படுத்துக்கொள்ளுங்கள்.

தொமிகோ

கவாசாகி ஸ்டேஷன்
அக்டோபர் 2

தொமிகோவுக்கு,

இன்று அம்மாவைப் பார்க்கப் போனேன். நம் கல் எதுவென்று தெரியவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தக் கல்லறைக் கோயில் குருவின் மனைவியிடம் குடும்பப் பெயரைச் சொன்னேன். “அட, தொமிகோம்மா கல்லா? வாங்க, காட்டறேன். நீங்க அவங்களுக்கு யாரு?” என்றார். தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

கல்லைக் கழுவி, பூ வைத்தேன். அன்றைக்கு உன்னை மனைவி என்று சொன்னால், பின்னே ஏன் அவளை விட்டு இங்கே தனியாக இருக்கிறீர்கள் என்று கேட்பார்களே என்று பயந்துவிட்டேன். தப்புதான். வீட்டுக்கு வரத் தைரியமில்லாமல் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த மரத்தடியில் இன்னும் ஒருவருக்கு இடமிருக்குமா?

இசாவோ

கவாசாகி
அக்டோபர் 5

இசாவோ அவர்களுக்கு,

ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போன மனிதரை என்ன சொல்லித் திட்டுவது?

ஒற்றை ஆளுக்கான இடமெல்லாம் தீர்ந்துவிட்டது என்றார்கள். அதனால் இரண்டு பேருக்கானதை வாங்கித் தொலைத்தேன். வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். செத்த பிறகு வருவது இருக்கட்டும். முதலில் அந்தக் கூட்டத்திடம் போய் நான் உங்களுக்கு யாரென்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வாருங்கள்.

தொமிகோ