பிளாஸ்டிக் கழற்றாத மெத்தை

அக்கா,

இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குத் திட்டாதே. பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பகலில் எழுதினால் இந்த வீட்டில் யாராவது "யாருக்கு?" என்று கேட்பார்கள். செத்துப்போன அக்காவுக்கு என்று எப்படிச் சொல்வது.

உன் முப்பதாம் நாள் பூசைக்குப் போடியில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஸ்டெல்லா அக்கா உன் போர்வையை மடித்து என் பையில் வைத்தார். "பாப்பாவுக்குப் போத்திவிடு" என்றதோடு சரி. இன்றைக்குத்தான் பிரித்தேன். அறை முழுக்க ஏலக்காய் வாசம். அவர் மண்டியில் நாளெல்லாம் ஏலக்காய் தரம் பிரித்துவிட்டுக் கையிலும் சேலையிலும் கொண்டுவருகிற வாசம். உன் போர்வையில் அது எப்படி வந்தது என்று கேட்க இங்கே யாருக்கும் தோன்றாது. எனக்குத் தெரியும்.

தெரிந்த விதம் உனக்கு நினைவிருக்கும். பாப்பா பிறந்து, தூக்கமே கெட்டுப்போயிருந்த நாட்களில் உன்னோடு இருக்க வந்தேன். உங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறை. வருகிறவர்களுக்கெல்லாம் கைகாட்டிச் சொல்வாய்: "இது என் ரூம். அங்கன ஸ்டெல்லா ரூம்." அந்த ஸ்டெல்லா ரூமைத்தான் எனக்கு ஒழித்துக் கொடுத்தாய். கட்டிலில் புரண்டால் சரசரவென்று சத்தம். பாப்பா விழித்துக்கொள்வாள். விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை மெத்தையில் அப்படியே இருந்தது. நீங்கள் அந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதில் ஒருநாள்கூட யாரும் படுத்ததில்லை.

காலையில் காப்பி கொண்டுவந்த உன்னிடம், "மெத்தைக்குக் கவரைக்கூடக் கழட்டலயாக்கா?" என்றேன். நீ டம்ளரைப் பிடித்தபடி நின்றுவிட்டாய். அடுக்களையிலிருந்து ஸ்டெல்லா அக்காதான் குரல் கொடுத்தார்: "கழட்டாததும் நல்லதாப் போச்சு. ஆத்தாடி, உன் மக அதுல எத்தன தடவ நனைச்சிச்சு?" மூவரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபின் நீ மெதுவாக, "அம்மாட்ட சொல்லிராதடி" என்றாய். "சொல்லமாட்டேன்" என்றேன்.

பிறகொரு நாள் துணி மடிக்கும்போது நானே துணிந்து கேட்டேன். "யாருக்கும் தெரியாம இம்புட்டுப் பாடுபடுறீகளே, உங்க ரெண்டு பேரு ரூம்ல அப்படி என்னத்தக்கா செய்யிறீக?"

"சண்டை போடுறோம்" என்றாய். "ஹால்ல போட்டா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்டி. கூட்டாளிகளுக்குள்ள எதுக்கு இம்புட்டுச் சண்டைன்னு யோசிப்பாக. புருசன் பொண்டாட்டிதான இப்படிப் போடுவாக."

"உங்க அக்கா குறட்டையையும் சேத்துச் சொல்லச் சொல்லு" என்றார் ஸ்டெல்லா அக்கா.

அந்தப் பேச்சை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். என் கட்டில் சீரோடு வந்தது. பீரோவோடு குட்டியானை வண்டியில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, ஊரே பார்க்கக் கொண்டுவந்து இறக்கினார்கள். என் அறைக் கதவைத் தட்டாமல் திறக்க இந்த வீட்டில் எல்லாருக்கும் உரிமை. அதில் எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. நீங்களோ உங்கள் கட்டிலைத் தேனி பஜாரில் நீங்களே வாங்கினீர்கள். கடைக்காரர் "கல்யாணம் யாருக்கும்மா?" என்றதற்கு "தங்கச்சிக்கு" என்றாயாம். எனக்கு அப்போது காலேஜ்கூட முடியவில்லை!

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மா வண்டி சொல்லியிருக்கிறாள். "அக்கா கட்டிலையும் பீரோவையும் எடுத்தாந்துரலாம். உன் மகளுக்கு ஆகும். ஸ்டெல்லாப் பிள்ளைக்குத்தான் அதோட ரூம்ல கட்டில் கிடக்குல்ல" என்கிறாள். பொருளுக்கு ஆசைப்பட்டுக் கேட்கவில்லை அக்கா. நீ படுத்த இடம் தன் கண் முன்னால் இருக்கவேண்டும் அவளுக்கு. நீங்கள் அத்தனை கவனமாக விரித்து வைத்த அந்த இன்னொரு அறையை அவள் நம்பிவிட்டாள்.

ஸ்டெல்லா அக்காவிடம் போனில் கேட்டிருக்கிறாள். "எடுத்துக்கங்கம்மா, உங்க பிள்ளை பொருளுதான" என்றாராம். பூசையன்றும் அப்படித்தான். எல்லாரும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஸ்டெல்லா அக்கா காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். "இனி ஒத்தையில இங்கன என்ன செய்யப்போற? ஊரோட போயிரு தாயி" என்றாள் சித்தி. அதற்கும் தலையாட்டிவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தது. அந்தக் கட்டிலும் போய்விட்டால் அவர் எங்கே போய் அழுவார்?

நானும் சாக்குச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். பாப்பாவுக்குச் சளி என்றேன். மழை என்றேன். "மழையில கட்டில் என்ன கரஞ்சா போகும்?" என்கிறார் அப்பா.

என் பயம் உனக்குத் தெரியும். தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறவள் நான். உனக்குக் கொடுத்த வாக்கை இன்றுவரை வைத்திருக்கிறேன். நீ போனதோடு அது முடிந்ததா, இனிமேல்தான் அதிகமாகக் காக்க வேண்டுமா, புரியவில்லை. சாயங்காலம் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டு, "அம்மாட்ட சொல்லிரட்டுமாக்கா?" என்றேன். "சொல்லாதன்னது உங்க அக்கா. அவகிட்டயே கேளு" என்றார். கேலியா, அழுகையா, தெரியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். சனிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறேன். அம்மாவை உட்காரவைத்து, அந்தக் கட்டில் இரண்டு பேருடையது என்று சொல்லப்போகிறேன். எந்த அர்த்தத்தில் என்று கேட்டால் அதையும் சொல்வேன். வேண்டாம் என்றால் அதற்கு முன்னால் என் கனவில் வந்து சொல். நான் தூங்குவதே கொஞ்ச நேரந்தான், பார்த்து வா. சீக்கிரம் பதில் சொல் அக்கா.