தோள் எலும்பும் மரியாதையும்

1961 ஜூலை 3, திங்கள்
காற்று. தூறல். நீண்ட ஆலோசனைக்குப் பின் வரலாற்று முடிவு: இனி இடக்கையில், கரண்டியால் சாப்பிடுவது. வீட்டில் ஏகமனதாக நிறைவேறியது. மனைவி ரங்கநாயகி பேசவில்லை. அதை ஆதரவாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதுக்கரை ரோட்டில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வலது தோள் எலும்பு முறிவு. கை, கழுத்தில் மாட்டிய துணித் தூளியில். முழங்கைக்குக் கீழே வேலை செய்கிறது, எனவே டைரிக்கு விடுமுறை இல்லை.

ஜூலை 5, புதன்
ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர் பள்ளியில் என்னிடம் ஜியாமெட்ரி படித்தவர். நான் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை. அவர் உட்காரட்டும் என்று நானும் நின்றேன்.

"ஆபரேஷன் பண்ணித் தகடு வச்சா எலும்பு நேரா சேருமுங்க சார். சீழ் புடிக்கவும் கூடும். தூளியிலயே விட்டாலும் சேரும். கை எவ்வளவு தூக்குமுன்னு சொல்ல முடியாதுங்க. விழுந்த நாள்ல இருந்து பத்து நாளைக்குள்ள நீங்கதான் சொல்லோணும்."

"நீங்க பாத்து எது சொன்னாலும் சரிங்க டாக்டர்."

"நான் எப்படிங்க சார் உங்களுக்குச் சொல்றது?"

மாத்திரை, சிவப்பு, வேளைக்கு ஒன்று.

ஜூலை 8, சனி
தூக்கமில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் காம்பஸ் இல்லாமல் ஒரே வீச்சில் கரும்பலகையில் வட்டம் போடுகிறவன். ஊரில் எனக்குள்ள ஒரே பெயர் அது. கண்ணை மூடினால் வட்டத்தின் கீழ்ப்பாதி மட்டும் தெரிகிறது.

கிணத்துக்கடவிலிருந்து மச்சான். பத்து இளநீர்.
"மாப்ள, நம்ம செவலைக் காளைக்குத் தோள் ஒடிஞ்சப்ப மூங்கப் பத்தை வச்சுத்தான் கட்டுனோம். ரெண்டே மாசத்துல ஏர் ஓட்டுச்சு."
காளைக்குக் கரும்பலகை இல்லை என்பதைச் சொல்லவில்லை.

ஜூலை 11, செவ்வாய்
விழுந்து பத்து நாள். ஆபரேஷன் கேட்டுவிடுவது என்று பஸ்ஸில் தீர்மானம்.

"யோசிச்சீங்களா சார்?"
"உங்க மனசுல என்ன இருக்குதுங்க?"
"உங்க இஷ்டந்தானுங்க சார். வேணுமுன்னா இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமுங்க."
"பாக்கலாமுங்க."

வெளியே வந்தபின் வாயில் ஆபரேஷன் என்ற சொல் அப்படியே இருந்தது.

ரங்கநாயகி: "ஏனுங்க, டாக்டர் என்ன சொன்னாங்க?"
"என்னைக் கேட்டார்."
"நீங்க?"
"அவரைக் கேட்டேன்."
"நல்லாயிருக்குது. ரெண்டு பேரும் அந்த எலும்பையே கேட்டிருக்கலாம்."

ஜூலை 24, திங்கள்
மழை. நடுவில் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் இன்னும் ரெண்டு நாள்.
இன்று எக்ஸ்ரே. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.
"சேர ஆரம்பிச்சுப்போட்டுதுங்க சார். கொஞ்சம் சாய்ஞ்சு. இனிமே பிரிக்க வேண்டாமுங்க."
நன்றி சொன்னேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு
டாக்டர் சொன்ன பயிற்சி. சுவரில் விரல்களை ஏணிப்படி ஏறுவதுபோல் ஏற்றுவது. காலண்டரின் அடி விளிம்புவரை போகிறது. நேற்றும் அங்கேதான். ரங்கநாயகி காலண்டரை மேலே மாட்டினாள். விரல் ஏறவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்
பள்ளிக்குத் திரும்பினேன். பத்தாம் வகுப்பு, வட்டங்கள். மதியம் ஆசாரி வந்து கரும்பலகையை ஒன்றேகால் அடி இறக்கி அடித்தார்.