என் வாசலில் உங்கள் கடப்பாரை

மதினி,

உங்கள் கடப்பாரை என் வாசலில் சாய்ந்து நிற்கிறது. காரியம் முடிந்த மறுநாள் காலையில் உங்கள் மருமகள் கொண்டுவந்து வைத்தாள். பிடிக்கிற இடத்தில் பழைய சேலைத் துணி சுற்றியிருக்கிறது. அதில் கோடாலித் தைலத்தின் வாடை, உங்கள் வாடை. மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகை என்று நினைத்துவிடாதீர்கள், ஆத்திரம்.

"அத்தை ஆசுபத்திரிக்குப் போறதுக்கு முந்தியே சொல்லிட்டாக சித்தி. 'இத அவகிட்டக் குடு. மண்டையில போட்டுராத, கையில குடு'ன்னாக."

செத்த பிறகும் ஏச்சுதான். ஆறேழு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவர், போகிற போக்கில் இரும்பை அனுப்பியிருக்கிறீர்கள். இதை வைத்து நான் என்ன செய்ய?

உங்கள் தம்பி பெண்டாட்டி என்ற உறவை நீங்கள் வெட்டிவிட்ட நாளை நான் மறக்கவில்லை. உங்கள் தம்பி ஆசுபத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த பெண் எங்களுக்காக ஜெபம் செய்தாள். அவர் பிழைக்கவில்லை. இருந்தும் அந்த ஜெபத்தை நான் விடவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏலப்பாறையில் ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தேன், ஞானஸ்நானம் எடுத்தேன். அந்த வருஷத்து ஆடி அமாவாசைக்கு நீங்கள் வாழையிலையோடு வந்து நின்றீர்கள். காக்காய்க்குச் சோறு வைக்க மாட்டேன் என்றேன்.

"ஏட்டி, என் தம்பி பசியோட நிக்கணுமா? ஒனக்குப் புதுசா ஒரு சாமி கெடச்சா, எங்க வீட்டுச் செத்தவன் அநாதையா?"

"அவரு எங்கயும் பசியோட நிக்கல மதினி."

நீங்கள் லயத்து வாசலில் நின்று, வரிசை வீடு அத்தனைக்கும் கேட்கும்படி சொன்னீர்கள். "இவளோட யாரும் பேசப்படாது, கை குடுக்கப்படாது. குடுத்தா அதோட நம்ம உறவு அத்துச்சு!" மாரியம்மனுக்கு வருஷந்தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவர் நீங்கள். உங்கள் சொல்லைத் தாண்ட அந்த லயத்தில் ஆம்பிளைக்குக்கூடத் துணிச்சல் கிடையாது.

தேயிலைக் காட்டில் வேலை செய்யாதவர்களுக்கு அந்தத் தண்டனை விளங்காது. கொழுந்தை ஒருத்தியே பறிக்கலாம், ஒருத்தியே சாக்கில் அமுக்கலாம். நிறைந்த சாக்கைத் தன் தலையில் தானே ஏற்ற முடியாது. பக்கத்துச் செடிவரிசையில் பறிக்கிற நிரைக்காரி ஒரு கை கொடுக்க வேண்டும். முந்தின நாள் குழாயடியில் முடியைப் பிடித்துச் சண்டை போட்டவளும் கொடுப்பாள். தோட்டத்து வழக்கம் அது. விரல் மடங்காமல் போய் உங்களைக் களைவெட்டுக்கு மாற்றும்வரை எனக்கு ஏற்றிவிட்டதே நீங்கள்தான். "இவ மகாராணி, சாக்குத் தூக்க நான் வேலக்காரி" என்று ஏசிக்கொண்டே ஏற்றுவீர்கள். ஏற்றிவிட்டு, என் கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பீர்கள்.

அந்த வழக்கத்தைத்தான் எனக்கு இல்லாமல் ஆக்கினீர்கள். மழைக்காலத்து ஈரக் கொழுந்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போனேன். வேரில் பட்டுச் சாக்கு கிழிந்து வழியெல்லாம் சிந்தியது. எடை போடுகிற இடத்தில் சூப்பர்வைசர் கத்தினார். வரிசையில் நின்ற ஒருத்தியும் தலை நிமிரவில்லை. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டே கேட்டேன். "ஆண்டவரே, ஒம்மள நம்பி வந்துட்டேன். இங்க எனக்கு நாதி இல்ல. சாக்கு ஏத்திவிட ஒரே ஒரு ஆள அனுப்பும்." உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தானே. நீங்கள் கரண்டியால் தட்டினீர்கள். என்னிடம்தான் பேசமாட்டீர்கள், சுவரிடம் பேசுவீர்கள். "செல சாமிக்குக் காது மந்தம் போல. இந்தக் கத்துக் கத்துறா!"

அடுத்த சுற்றுக் கொழுந்துக்கு மேல்காட்டுக்குப் போனால், என் நிரை முடிகிற இடத்தில் கல் நிற்கிறது. கல்மேல் கல்லாக, நெஞ்சுயரத்துக்கு, மேலே தட்டையாக. சாக்கை அதன்மேல் நிறுத்தி அங்கேயே நிறைத்தேன். குனிந்து தலையைக் கொடுத்து நிமிர்ந்தேன், ஏறிவிட்டது. பறிக்கிற காடு மாறியது. அங்கேயும் ஒரு கல்.

கேட்டது ஆள், ஆண்டவர் அனுப்பியது கல் என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச ஆளில்லாத நாளெல்லாம் அந்தக் கல்லில் கை வைத்து ஆண்டவரோடு பேசினேன். வேலையைச் சொன்னேன், முதுகுவலியைச் சொன்னேன், உங்களைப் பற்றிக் கோள் சொன்னேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டது அதுதான். வீட்டுக்கு வந்து கல்லுக்காக ஸ்தோத்திரம் சொல்லும்போதெல்லாம் உங்கள் கரண்டி இரண்டு மடங்கு வேகத்தில் விழும். பொறாமை என்று நினைத்தேன்.

இன்றைக்கு இந்தக் கடப்பாரையைப் பார்த்ததும், உங்களோடு களைவெட்டிய செல்லத்தாயி என் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே சொன்னா என்ன, நாக்க அறுக்க அவுகதான் இல்லியே. கொழுந்துக்கு முந்தி நாங்கதானக்கா காட்டுக்குள்ள போவோம். வெரலு மடங்காது, இந்தக் கடப்பாரையில துணியச் சுத்திக்கிட்டு அவுகளே கல்ல நெம்புவாக. தூக்கி வைக்க மட்டுந்தான் நாங்க. 'ஒரு வார்த்த பேசிட்டாத் தீந்துச்சே'ன்னு ஒருவாட்டி கேட்டேன். 'பேசுனா என் தம்பிய விட்டுக்குடுத்த மாதிரில்லா ஆயிரும். அதுக்காக இந்தச் சிறுக்கி கழுத்து ஒடிஞ்சு சாகணுமா?'ன்னு என்னையத்தான் வஞ்சாக."

இதைக் கேட்டு நான் உருகிவிடுவேன் என்று நினைத்தீர்களா? லயத்துப் பெண்கள் அத்தனை பேர் கையையும் பிடுங்கிவிட்டு ஒரு கல்லைக் கொடுத்தீர்களே, இதற்குப் பெயர் என்ன மதினி? என் ஜெபத்தை ஒட்டுக் கேட்டீர்கள். உங்கள் கை வேலைக்கு நான் இன்னொருவருக்கு நன்றி சொல்லச் சொல்ல, கரண்டியைப் போட்டு அடித்தீர்களே தவிர வாயைத் திறக்கவில்லை. அப்படி என்ன வீம்பு? ஆறேழு வருஷம், ஒற்றைச் சுவர்! கடைசி நாட்களில் நீங்கள் இருமியது என் தலையணைக்குக் கேட்டது. கஷாயம் வைத்துக் கொண்டுவந்தேன். கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, மூடினீர்கள். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கத்தான் வேண்டும், எனக்குத் தெரியும். இன்றைக்கு முடியாது.

செல்லத்தாயி போனதும் மேல்காட்டுக்கு ஏறினேன். நீங்கள் போன பிறகு பக்கத்து நிரைக்காரிகள் சாக்கு ஏற்ற ஓடி வருகிறார்கள். வேண்டாம் என்று அந்தக் கல்லுக்கே போகிறவள் நான். இன்று சாக்கில்லாமல் அங்கே நின்று கேட்டேன். "ஆண்டவரே, நான் கேட்டது ஒரே ஒரு ஆளு. ஒமக்கு இந்தப் பொம்பளையத் தவிர வேற ஆளே கெடைக்கலியா?" கல்லில் கை வைத்துப் பார்த்தேன். தனியாக நிற்கிற மாதிரி இல்லை. அது அவரால் வந்ததா உங்களால் வந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஆடி அமாவாசை வருகிறது. உங்கள் தம்பிக்கு வைக்காதவள் உங்களுக்கும் சோறு வைக்க மாட்டேன். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து என் சாட்சியைத் திருத்தப்போகிறேன். ஆண்டவர் எனக்குக் கல்லை அனுப்பவில்லை, கேட்டபடி ஆளைத்தான் அனுப்பினார் என்று சொல்வேன். தீச்சட்டி எடுத்த உங்கள் முழுப்பெயரையும் மைக்கில் சொல்வேன். இதைவிட உங்களுக்கு ஆத்திரமூட்டுகிற காரியம் வேறு இருக்காது. தெரிந்துதான் செய்கிறேன்.

சற்றுமுன் கதவைச் சாத்திக்கொண்டு, அதை அப்படியே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடித்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிடிக்கவில்லை என்றால் தட்டுங்கள் மதினி.