பேகமும் ராணியும் தட்டில் ஒன்றுக்குப் போன கதை

786

உத்தமபாளையம்
12.8.2007

அன்பு மகன் நவாஸுக்கு அம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும் தங்கச்சி ஷாஜியாவும் சுகமாக இருக்கிறோம், முயல் இரண்டும் எங்களை விடச் சுகமாக இருக்கின்றன. மஸ்கட் வெயிலில் நீயும் நல்ல உடம்போடு, நேரத்துக்குச் சாப்பிட்டு, தொழுகையை விடாமல் இருக்க துஆ செய்கிறேன். வடக்குத் தெரு ஹக்கீம் வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் எலுமிச்சை ஊறுகாயும் இந்தக் கடிதமும் வருகின்றன. வாரா வாரம் போன் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைக்காதே. போனில் பேசினால் உன் அத்தா பக்கத்திலேயே வந்து நிற்கிறார்கள். அவர்களைப் பற்றிய சங்கதியை அவர்களை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்ல.

எல்லாம் நீ ஆரம்பித்து வைத்ததுதான். போன லீவில் குமுளிக்குப் போனவன் ஏலக்காய் வாங்கி வருவாய் என்று பார்த்தால் அட்டைப்பெட்டியில் ஒரு வெள்ளை முயலைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஷாஜியா அதற்கு பேகம் என்று பேர் வைத்தாள். அதுவரைக்கும் குற்றம் சொல்ல முடியாது, பேகம் குட்டியாக இருந்தபோது பின்கட்டில் வைத்த தட்டில்தான் ஒன்றுக்கும் ரெண்டுக்கும் போகும், எனக்கே ஆச்சரியம். அதற்குப் பிறகு நீ போனில், முயல் தனியாக இருந்தால் மனசு ஒடிந்துபோகும், துணைக்கு ஒன்று வாங்கு என்று உன் தங்கச்சிக்குப் புத்தி சொன்னாய். உனக்கு ஒரு துணை தேட எனக்கு மூன்று வருஷமாக முடியவில்லை, முயலுக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது. சின்னமனூர் சிநேகிதி வீட்டிலிருந்து ஒரு பழுப்பு முயல். இதுவும் பொட்டைதான் என்று அவர்கள் சத்தியம் செய்து கொடுத்தார்கள். ராணி என்று பேர்.

ராணி வந்து ஒரு மாதம் வீடு அமைதியாக இருந்தது. அப்புறம் ஆரம்பித்தது பார். ரெண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும், பஞ்சுமெத்தை கிழிந்தமாதிரி ரோமம் பறக்கும். தட்டை ரெண்டும் மறந்துபோயின. கதவு மூலை, டிவி ஸ்டாண்டு, அரிசி மூட்டை என்று ஓர் இடம் பாக்கியில்லை. மிளகைக் கொட்டினமாதிரி வழியெல்லாம் புழுக்கை. ஒருநாள் லுஹர் தொழ முசல்லாவை விரிக்கிறேன், ஈரம். துவைத்துப் போட்டேன். அஸருக்கு வேறொன்றை விரித்தேன், அதிலும் ஈரம். அன்றைக்கு நான் தொழுததை விடத் துவைத்ததுதான் அதிகம். உன் அத்தா நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்து முடிக்கும் முன்னால் ராணி நாற்காலியைச் சுற்றி ஓடிவந்து அவர்கள் புதுக் கைலியில் பீச்சிவிட்டுப் போனது. உடனே நியாயம் மாறிவிட்டது. “இந்தா லத்திபா, இதுக ரெண்டையும் நாளைக்கே கறிக்கடைக்கு அனுப்பு” என்று ஒரே சத்தம். ஷாஜியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், ராத்திரி சோறு வேண்டாம் என்றுவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கம்பத்திலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை ரஃபி பிளைவுட் கடை வைத்திருக்கிறான், நல்ல குடும்பம், நீயும் போட்டோ பார்த்தாய். பையன் பிடித்திருக்கிறதா என்று ஷாஜியாவைக் கேட்டேன். “பையன் பரவாயில்ல, ஆனா முயலும் எங்கூட வரும், சம்மதம்னா பேசுங்க” என்கிறாள். உனக்கும் எனக்கும் பயப்படுகிற பிள்ளையா அவள். மாப்பிள்ளையின் அம்மா போன் பண்ணியபோது உன் அத்தா விஷயத்தைச் சொன்னார்கள். அந்தம்மா கேட்ட முதல் கேள்வி, “வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணுமா?” உன் அத்தா கண் இமைக்காமல், “எங்க வீட்டு முயல் பாத்ரூமுக்குப் போற மாதிரி தட்டுக்குப் போயி உக்காரும்” என்று சொல்லிவிட்டார்கள். சொல்லும்போது காலடியில் ஒரு குட்டை தேங்கிக் கிடந்தது, அதைத் தாண்டி நின்றுதான் சொன்னார்கள். உரக்கடையில் நாற்பது வருஷம் உட்கார்ந்த வாய். மாப்பிள்ளையின் மாமா சிங்கப்பூரிலிருந்து ஆகஸ்டில் வருகிறாராம், அவரையும் கூட்டிக்கொண்டு தேதி குறிக்க வருவதாக அந்தம்மா சொன்னார்கள். ஆக அந்தப் பொய்யை உண்மையாக்க எனக்கு ரெண்டு மாதம் கிடைத்தது. பொய் அவர்களுடையது, வேலை என்னுடையது.

தேனியில் செல்லப்பாண்டி என்று ஒரு கால்நடை டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறார். ரெண்டையும் ஒயர் கூடைகளில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனோம். பஸ்ஸில் நாலு பேர் கறி எப்படி இருக்கும் என்று விசாரித்தார்கள், ஷாஜியா முறைத்த முறைப்பில் நாலு பேரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். டாக்டர் ரெண்டையும் ஒவ்வொன்றாக மல்லாத்திப் பார்த்தார். பார்த்துவிட்டு, “பேரு என்னம்மா?” என்றார். பேகம், ராணி என்றாள் ஷாஜியா. “ரெண்டுமே கடா” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. வயசுக்கு வந்த ரெண்டு கடா முயல் ஒரே வீட்டில் இருந்தால் இது என் இடம், அது என் இடம் என்று அடையாளம் வைக்கத்தான் இப்படிப் பீச்சும், சண்டையும் போடும், ஆபரேஷன் பண்ணிவிட்டால் குறையும், ஆனால் அடங்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்றார். என்ன ஆபரேஷன் என்று உன் அத்தா கேட்டார்கள். டாக்டர் விரலால் கத்திரிக்கிறமாதிரி காட்டினார். உன் அத்தா ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் போட்டுக்கொண்டு, “பாவமுல்லங்க டாக்டர்” என்றார்கள். நேற்றுவரை கறிக்கடைக்கு அனுப்பச் சொன்னவர்களுக்கு இது மட்டும் பாவம். ஆபரேஷன் அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், நர்ஸ் பெண் ஏதோ ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து அப்படியே சரிந்துவிட்டார்கள். முயல் ரெண்டும் மயக்கம் தெளிந்து எழுந்தபோது உன் அத்தாவுக்குச் சோடா கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே.

டாக்டர் சொன்னபடி ரெண்டுக்கும் நடுவில் கம்பிவலை வைத்துப் பிரித்து வைத்தோம். ஒரு மாதம் கழித்து ரெண்டுக்குமே சொந்தமில்லாத இடமாகப் பார்த்து மொட்டைமாடியில் கொஞ்சங் கொஞ்சமாகச் சேரவிட்டோம். சண்டை நின்றது, பீச்சுவதும் நின்றது. ஆனால் பேகம் மட்டும் தட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவினேன், இன்னும் மோசமானது. கடைசியில் ஒருநாள் காலையில் வேலையை எல்லாம் போட்டுவிட்டு முக்காலியைப் போட்டு அங்கனயே உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. தட்டு இருக்கிறது இத்தினியூண்டு, அதில் ராணி போய்க் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறது. பேகம் வந்து வந்து பார்க்கும், ஓரமாக நிற்கும், முடியாமல் அங்கேயே இருந்துவிட்டுப் போகும். பாவம், அது தப்பே பண்ணவில்லை, உள்ளே ஆள் இருந்தது. காலையில் உன் அத்தா கக்கூஸுக்குள் தினத்தந்தியோடு போய்விட்டால் நம் வீட்டில் மற்றவர்கள் படுகிற பாடு உனக்குத் தெரியாததா.

மறுநாளே பெரிய பிளாஸ்டிக் டப் ரெண்டு வாங்கி, அவை வழக்கமாகப் போகிற ரெண்டு மூலையிலும் வைத்தேன். அடியில் பழைய பேப்பர், அதன்மேல் அவை ஏற்கெனவே நனைத்த பேப்பர் ஒரு துண்டு, இதுதான் இடம் என்று வாசனை தெரிய. காய்ந்த புல்லை டப்பின் ஓரத்திலேயே கட்டித் தொங்கவிட்டேன், ஏனென்றால் தின்னும்போதுதான் அவற்றுக்கு வருகிறது. பினாயிலை நிறுத்திவிட்டு, தரையில் போன இடத்தை மட்டும் வினிகர் போட்டுத் துடைத்தேன். முதலில் பின்கட்டு மட்டும், ஒரு வாரம் ஒழுங்காக இருந்த பிறகு கூடம். பத்தே நாள். முசல்லாவை விரித்தால் உலர்ந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்னது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள், ஒன்பது பேர். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து சர்பத் குடிக்கும்போது பேகம் மெதுவாக வந்து நடுக்கூடத்தில் நின்றது. ஷாஜியா உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், உன் அத்தா அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்கிறார்கள். பேகம் ஒன்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தது, பின்கட்டுக்குப் போனது, டப்பில் ஏறியது, புல்லைக் கடித்துக்கொண்டே வேலையை முடித்தது. பின்னாலேயே ராணி போய் மற்ற டப்பில். மாப்பிள்ளையின் அம்மா எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏத்தா லத்திபா, எங்க வீட்ல உங்க அண்ணனுக்கே இந்த ஒழுக்கம் இல்லத்தா, சுத்தியும் ஈரம் பண்ணி வச்சிருவாக” என்றார்கள். அவர்கள் வீட்டுக்காரர் சர்பத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். யார் பழக்கியது என்று சிங்கப்பூர் மாமா கேட்டார். “நாந்தான், பொறுமையா சொல்லிக் குடுத்தா எல்லாம் கேக்கும்” என்றார்கள் உன் அத்தா. தேதி குறிக்கும் நேரமாயிற்றே என்று நானும் விட்டுக்கொடுத்தேன். ஷவ்வால் பிறை பத்து என்று முடிவானது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று சொல்கிறேன். போன வியாழக்கிழமை ரஃபி தனியாக வந்தான், உன் அத்தாவைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு. ஷாஜியா உள்ளே போய்விட்டாள். வெள்ளைச் சட்டையோடு பின்கட்டில் முட்டிபோட்டு உட்கார்ந்து டேப் வைத்து டப்பின் நீளம் அகலம் அளந்தான், எந்தப் பக்கம் ஏறும், எவ்வளவு உயரம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். “இடம் மாறினா மறந்துருமாம்ல மாமி, அதான், நீங்க பழைய டப்பைக் கழுவாம குடுத்துவிடுங்க, நான் முன்னாடியே கொண்டுபோயி மூலையில வச்சிர்றேன்” என்றான். ஆக உன் தங்கச்சியின் சீர்சாமானில் முதன்முதலாகக் கம்பம் போகப்போவது கழுவாத மூத்திர டப். அவன் போன பிறகு ஷாஜியா அடுப்படிக்கு வந்து நின்றாள். “அம்மா, கம்பத்துக்குப் பஸ்ல எவ்வளவு நேரம் ஆகும்?” என்றாள். பிறந்ததிலிருந்து நூறு தடவை போய்வந்த ஊர். இருபத்தஞ்சு நிமிஷம் என்றேன். “அவ்வளவுதானா” என்றாள். அவ்வளவுதான் என்றேன். அப்புறம் ரெண்டு பேரும் வெங்காயம் உரித்தோம், உரிக்க வேண்டியதை விட அதிகமாகவே உரித்துவிட்டோம்.

உனக்கு நல்ல ஆயுளையும் நல்ல மனசையும் அல்லாஹ் தரட்டும். தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் வேலை செய்துவிட்டு உடனே ஏசி அறைக்குள் போகாதே. லீவுக்கு இந்த வாரமே எழுதிக் கொடு. நீ வந்து நின்றால்தான் அவளை வாசல் தாண்டி அனுப்ப எனக்குத் தெம்பு வரும். உன் அத்தா அன்றைக்கு எந்தப் பக்கம் சரிவார்கள் என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
துஆ செய்யும் அம்மா
லத்திபா